இசக்கி நின்றால் ஊசி ஆடும்

இரண்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை, நடு வயலில் வைத்துத் திட்டு வாங்கினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. திட்டியவருக்கு முப்பதைத் தாண்டியிருக்காது.

"மேடம், குடையை மடக்குங்க. மடக்கிட்டு அந்தா தெரியுதுல்லா வரப்பு, அங்கன போயி நில்லுங்க. நீங்க இங்கன நின்னா ஊசி ஆடுது."

கல்லிடைக்குறிச்சி வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கும். குடை பிடித்தது ஒரு குற்றமா? குற்றம்தானாம். குடைக் கம்பி இரும்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது காம்பஸ். பக்கத்தில் இரும்பு இருந்தால், ஊசி வடக்கை விட்டுவிட்டு இரும்புப் பக்கம் கொஞ்சம் சாயும். ஊசி சாய்ந்தால் கோணம் தப்பு. கோணம் தப்பினால் நிலத்தின் வரைபடமே தப்பு. வாயை மூடிக்கொண்டு வரப்புக்குப் போய் நின்றேன்.

திட்டியவர் ஞானராஜ் சார். பாளையங்கோட்டையில் நான் படித்த சமுதாயக் கல்லூரியில் சர்வே வாத்தியார். ஆமாம், படித்தேன். நில அளவையும் கட்டட வரைபடமும் — ஒரு வருடப் படிப்பு. வயது வரம்பு கிடையாது. வெட்கம் மட்டும் இருக்கக் கூடாது.

ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்காத ஆளில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிய புதிதில், எங்கள் குடும்ப மனையைப் பிரிக்க ஒரு தனியார் சர்வேயர் வந்தார். அளந்தார். வரைந்தார். வரைந்ததில் ஒரு கோட்டைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குப் புரியாதும்மா" என்றார். சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற என் தம்பியிடம் திரும்பி விலாவாரியாக விளக்கினார். தம்பிக்கும் கணக்குக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. அவனும் ஏதோ புரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினான்.

"புரியாது" என்ற ஒரு சொல்லை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது. கோபம் வந்தால் சிலர் சண்டை போடுவார்கள், சிலர் சாப்பிட மாட்டார்கள். நான் போய் அட்மிஷன் போட்டேன்.

வகுப்பில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். பிளஸ் டூ முடித்தவர்கள், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவர்கள். டிராயிங் ஹாலில் நின்றுகொண்டே வரைய வேண்டும். முதல் மாதம் என் முழங்கால் என்னோடு பேசவில்லை. பென்சில் சீவுவதற்கே ஒரு வகுப்பு எடுத்தார்கள். அதிலும் நான் கடைசி.

முதலிடம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். இசக்கியம்மாள்.

இசக்கிக்கு இருபத்தொன்பது வயது. ஸ்ரீவைகுண்டத்துக்காரி. கணவர் வாழைத்தார் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் கேரளாவில். மகள் மூன்றாம் வகுப்பு. பிளஸ் டூவில் கணக்கில் பள்ளிக்கே முதலாக வந்தவள். அந்த மார்க்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அப்பா, அதே சந்தோஷத்தோடு கல்யாணத்தையும் முடித்துவிட்டார். இத்தனை வருடம் கழித்து மறுபடி பென்சிலைப் பிடித்திருக்கிறாள்.

அவள் கோடு போட்டால் அது கோடு. நான் போட்டால் அது ஓர் அபிப்பிராயம்.

அவள் வரைந்த ஒரு வீட்டுப் பிளானைக் கல்லூரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வண்ணார்பேட்டையில் சர்வே ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் வேறு வேலையாக வந்தவர், அதைப் பார்த்துவிட்டு நின்றார். யார் வரைந்தது என்று விசாரித்தார். இசக்கியைக் கூப்பிட்டு, பிராக்டிகல் பாஸ் ஆனதும் வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். வயலில் அளக்கவும் வேண்டும், ஆபீஸில் வரையவும் வேண்டும். மாதச் சம்பளம். இசக்கி அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. கணவர் கொடுத்த அனுமதி ஒரே ஒரு வருடத்துக்கு. அதற்குள் வேலை என்று ஒன்று அமைந்தால் சரி. இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். பிராக்டிகலில் தோற்றால் மறுதேர்வு அடுத்த வருடம்.

"எனக்கு அடுத்த வருசம்னு ஒண்ணு கெடையாதுக்கா" என்றாள் என்னிடம்.

இவளுக்குப் போய்த் தோல்வி பயமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களை வயலுக்குக் கூட்டிப்போகும் வரை.

சர்வே தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடப் பாடம். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது. ஒரு நிலத்துக்கு ஐந்து மூலை என்று வையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு முளைக்குச்சி. முதல் முளையில் காம்பஸை வைத்து இரண்டாவதைப் பார்த்துக் கோணத்தைக் குறிக்க வேண்டும். பிறகு இரண்டாவதற்குப் போய், திரும்பி முதலாவதைப் பார்க்க வேண்டும். போகும்போது பார்த்த திசையும் திரும்பிப் பார்த்த திசையும் நேர் எதிராக வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது. இப்படியே சுற்றிவந்து, ஹாலுக்குத் திரும்பி, அந்தக் கோணங்களை வைத்துத் தாளில் வரைந்தால் கடைசிக் கோடு புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர வேண்டும். கொஞ்சம் இடைவெளி விழும். கொஞ்சம் என்றால் மன்னிப்பார்கள்.

கல்லூரி மைதானத்தில் இசக்கி பார்த்தால் இடைவெளியைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். ஞானராஜ் சார் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவார்.

அதே இசக்கி, கல்லிடைக்குறிச்சி ஆற்றங்கரை வயலில் பார்த்தாள். தாளில் விழுந்த இடைவெளியில் ஒரு மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம்.

முதல் வாரம், புது இடம் என்று விட்டார்கள். இரண்டாவது வாரமும் அதே கதை. ஒரு முளையில் தப்பினால், பக்கத்தில் மோட்டார் ரூம் இருக்கிறது, கரண்ட் கம்பம் இருக்கிறது என்று சொல்லலாம். இவளுக்கு எல்லா முளையிலும் தப்பியது. அதே முளைகளில் நான் பார்த்தேன், சரியாக வந்தது. நான்! பென்சில் சீவத் தெரியாத நான்.

"அஞ்சு முளையிலயும் இரும்பா?" என்றார் ஞானராஜ் சார். "ஆத்தங்கரைக்கு அடியில இரும்புச் சுரங்கம் எதுவும் ஓடுதா, இசக்கி?"

அவர் கெட்டவர் இல்லை. வெயில்.

கிளம்பும்போதே அவர் எல்லாரிடமும் சொல்லிவிடுவார். சாவி, செல்போன், வாட்ச், பெல்ட் எல்லாம் மரத்தடியில். எங்கள் நாலு பேர் குழுவில் மகராசன் என்று ஒரு பையன், பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் அன்று முழுக்க வேலை பார்ப்பான். இசக்கியும் செல்போன், சாவி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் வருவாள்.

பிறகு ஏன்?

ஆளாளுக்கு டாக்டர் ஆனோம். அவசரம் என்றார் சார். பதற்றம் என்றேன் நான். கண்ணில் கோளாறு என்றான் மகராசன். இசக்கி அதையும் கேட்டுக்கொண்டு கண் டாக்டரிடம் போனாள். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். கோளாறு இருந்திருந்தால் ஒரு கண்ணாடியோடு போயிருக்கும். இப்போது கோளாறு அவள்தான் என்றாகிவிட்டது.

மூன்றாவது வாரமும் தப்பியது. சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த சனிக்கிழமையும் இப்படி வந்தால், பிராக்டிகலில் அவள் காம்பஸைத் தொட வேண்டாம், அளவுக் கம்பைப் பிடித்தால் போதும் என்று சொல்லிவிட்டார். மற்ற மூன்று பேரின் மார்க்கும் அந்த ஒரு வரைபடத்தில்தான் இருக்கிறது. அவர் பக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் கம்பு பிடித்தவளுக்குக் கருவி மார்க் கிடையாது. கருவி மார்க் இல்லாமல் பாஸ் கிடையாது.

இசக்கியும் நானும் ரயில் ஏறினோம். பெட்டியில் உட்கார்ந்த பிறகு, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவாவது இது உதவும் என்றாள். வேலை ஆசையை விட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. பையிலிருந்து ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். தின்றாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். முதல் முளை தப்பு. இரண்டாவதும் தப்பு. ஞானராஜ் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லாரையும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்.

நானும் இசக்கியும் படித்துறையில் இறங்கினோம். கீழ்ப்படியில் நின்று முகம் கழுவக் குனிந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக்கொடி நழுவி வெளியே வந்து தொங்கியது. அதில் தாலியோடு சேர்ந்து ஒரு கொத்து ஊக்கு. சின்ன ஊக்கு இல்லை — போர்வைக்குக் குத்துகிற தடித்த ஊக்கு. நடுவில் ஒரு கறுத்த வளையம் வேறு.

"என்ன இசக்கி இது, கழுத்துல கடையே வச்சிருக்க?" என்றேன்.

"அத்த மாட்டிவிட்டதுக்கா. ஆத்தங்கரைக்கு வாற அன்னைக்கு மட்டும். சுடுகாட்டத் தாண்டித்தான வாறோம், காத்து கருப்பு அண்டாம இருக்க கழுத்துல கொஞ்சம் இரும்பு..."

இரும்புக்குப் பிறகு வாக்கியம் வரவில்லை.

முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. படியேறி ஓடினாள். நான் முழங்காலைத் திட்டிக்கொண்டே பின்னால் ஏறினேன். போய்ப் பார்த்தால் காம்பஸ் முன்னால் நிற்கிறாள். கொத்தைக் கையில் பிடித்து ஊசிக்குக் கிட்டே கொண்டுபோகிறாள். ஊசி திரும்புகிறது. எடுக்கிறாள், பழைய இடத்துக்கு வருகிறது. மறுபடி கிட்டே. மறுபடி தள்ளி. நிறுத்தவே இல்லை.

காம்பஸைப் பார்க்கக் குனிந்தால் கொத்து ரவிக்கைக்குள்ளேயே ஊசிக்கு நேர் மேலே வந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு முளையிலும். மூன்று வாரமாக.

முதலில் சிரித்தாள். அப்புறம் அப்படியே வயலில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள்.

இவ்வளவு படித்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். சாவி இரும்பு. பெல்ட் பக்கிள் இரும்பு. செல்போனையும் சேர்த்துக்கொள்ளலாம். தாலி இரும்பா? தாலியில் கிடப்பது எதுவானாலும் நம் ஊரில் அது தாலிதான். கழற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அதிலும் அத்தை கையால் மாட்டிவிட்டது. அதை உலோகமாக யார் பார்ப்பார்கள்?

நான் பார்த்தபோது மட்டும் ஊசி ஏன் ஒழுங்காக நின்றது என்கிறீர்களா? என் தாலி பேங்க் லாக்கரில் பத்திரமாக இருக்கிறது. கணவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்.

சேதி தெரிந்ததும் ஞானராஜ் சார் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பாவம், கல்யாணம் ஆகாதவர். ஒரு பெண்ணிடம் கழுத்தில் என்ன கிடக்கிறது என்று எந்த வாயால் கேட்பார்? திரும்பாமலே, "மேடம், இனிமே லேடீஸ்ட்ட அத நீங்க கேட்டுருங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பின் கழுத்துத் துறை என் பொறுப்பில் இருந்தது.

கொத்தை மரத்தடியில் வைத்துவிட்டு இசக்கி மறுபடி முதல் முளையிலிருந்து பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது. மகராசன் பேன்ட்டை விட்டுவிட்டுக் கை தட்டப் போனான். நல்லவேளை, ஞாபகம் வந்துவிட்டது.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பும்போது அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். பிராக்டிகல் அன்று வீட்டில் மாட்டிவிட்டால் மாட்டிக்கொள். ரயிலில் கழற்றிப் பையில் போடு. திரும்பும்போது மறுபடி மாட்டிக்கொள். யாருக்குத் தெரியப் போகிறது?

"அத்தைட்டயா பொய் சொல்லச் சொல்லுதிய?" என்றாள். கோபத்தோடுதான் கேட்டாள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. படிக்கப் போகக் கூடாது என்று நின்றவர் கணவர். அவரிடம் மல்லுக்கட்டி அந்த ஒரு வருடத்தை வாங்கிக் கொடுத்தவர் மாமியார். வாழை இலை அறுத்துக் கட்டுக் கட்டி மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர், பெயர் சுப்பம்மாள். மருமகள் வெளியே போய் வருவதற்கு நான் பொறுப்பு என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். ஏற்ற பொறுப்புக்கு அவரால் முடிந்த ஏற்பாடு அந்த இரும்பு. வளையத்தைக் கொல்லரிடம் சொல்லிச் செய்து வாங்கினாராம். அதைக் கழற்றி வைத்துவிட்டு, மாட்டியிருந்ததாக நடிப்பதற்கு இசக்கிக்கு மனம் வரவில்லை.

சரி, நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று முடிவாயிற்று. நான் சொன்னால் எடுபடும் என்று இசக்கி நினைத்தாள். வயசுக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? ஞானராஜ் சாரிடம் காம்பஸைக் கேட்டேன். கைக்குழந்தையைக் கொடுப்பது மாதிரி ஆயிரம் பத்திரம் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் ஸ்ரீவைகுண்டம் போனேன்.

சுப்பம்மாள் இலைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். காப்பி வந்தது. காம்பஸைத் தரையில் வைத்தேன். ஊசியைக் காட்டினேன். கொத்தைக் கிட்டே கொண்டுபோனேன். ஊசி விலகியது. எடுத்தேன், திரும்பியது. விஞ்ஞானத்தை எளிமையாக விளக்கிவிட்ட பெருமையோடு நிமிர்ந்தேன்.

அவர் கொத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவரே ஒருமுறை செய்து பார்த்தார். இந்தப் பக்கமிருந்து ஒருமுறை, அந்தப் பக்கமிருந்து ஒருமுறை. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பம் ஒங்க மிஷினும் இரும்புக்குப் பயப்படத்தான செய்யுது?"

பயம் இல்லை அம்மா, ஈர்ப்பு என்று ஆரம்பித்தேன். இசக்கி பின்னாலிருந்து என்னைக் கிள்ளினாள்.

"இவன் இருக்கானே, எம் மவன், மூடநம்பிக்கை மூடநம்பிக்கைங்கான். காலேஜி மிஷினே வெலகி ஓடுது பாருங்க" என்றார் சுப்பம்மாள். அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தலையில் இடி. இவ்வளவு சக்தி இருக்கிற சாமானைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையை எப்படி ஆற்றங்கரைக்கு அனுப்புவது?

என் விளக்கம் வேலை செய்துவிட்டது. எதிர்ப்பக்கமாக வேலை செய்துவிட்டது.

இசக்கிதான் பேசினாள். அத்தை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையச் சொன்னாள்.

"இது கழுத்துல கெடந்தா நான் பாஸாவ மாட்டேன், அத்த. பாஸாவலன்னா வேலை கெடையாது. பொறவு நீங்க அவங்கள்ட்ட சண்டை போட்டு வாங்கித்தந்த ஒரு வருசமும் வீணு."

சுப்பம்மாள் இலையை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். ஒரு கட்டு முழுக்க அடுக்கி, நாரால் கட்டி, ஓரமாக வைத்தார். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். எனக்கே ரிசல்ட் வரப்போவது மாதிரி இருந்தது.

"எம்புட்டு தூரத்துல இருந்தா அது பயப்படாது?" என்று கேட்டார்.

இசக்கி கொத்தை எடுத்துக்கொண்டு ஊசியைப் பார்த்தபடி பின்னால் நடந்தாள். அடுக்களை வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே ஊசி அடங்கிவிட்டது. இருந்தாலும் சர்வே படித்தவள், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று காட்டினாள்.

"அவ்ளோதானா? அப்பம் நான் கொண்டுக்கிட்டு வாரேன். நீ ஒன் சோலியப் பாரு."

சொன்னபடியே வந்தார். பிராக்டிகல் அன்று முதல் ரயிலில் மருமகளோடு வந்து இறங்கினார். துவைத்து வைத்த சேலை, முந்தானை முடிச்சில் இரும்புக் கொத்து. சுடுகாடு தாண்டும்வரை இசக்கியை ஒட்டியே நடந்தார். வயல் வந்ததும் தானாகவே விலகி, ஒரு மருத மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சிரிக்கிற முகமாகத் தெரியவில்லை. நால்வரும் முறை வைத்துக் கருவியைக் கையாள வேண்டும் என்றார். இசக்கி முதல் முளையில் நின்றாள். குனியும்போது கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போய் வந்தது. அங்கே தாலி மட்டும் இருந்தது.

நாங்கள் அடுத்த முளைக்கு நகர்ந்தோம். மருத மரத்தடியில் இருந்தவரும் நகர்ந்தார். வரப்பு மேல் நடந்து, இசக்கிக்கு நேராக, ஆனால் அதே தூரத்தில் வந்து நின்றார். மூன்றாவது முளைக்குப் போனோம், அவர் வாய்க்காலைத் தாண்டி வந்தார். நாங்கள் நிலத்தைச் சுற்ற, எங்களுக்கு வெளியே அவர் ஒரு பெரிய சுற்றுச் சுற்றினார். சேற்றில் கால் புதைந்தது. முந்தானை முடிச்சை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஞானராஜ் சாரைக் கூப்பிட்டு, அந்த அம்மா யார், ஏன் கூடவே வருகிறார் என்று கேட்டார்.

சார் என்ன சொல்லப்போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். காத்து கருப்பு என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"சேஃப்டி, சார்" என்றார்.

அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பாதுகாப்பு ஏற்பாடு திருப்தி என்று எழுதியிருப்பார் போல.

மதியம் ஹாலில் வரைபடம். கோடுகளை இசக்கிதான் போட்டாள், அது எங்கள் குழுவின் ஏகமனதான தீர்மானம். ஒரு கோடு, அடுத்த கோடு... கடைசிக் கோடு புறப்பட்ட புள்ளியை நோக்கி வரும்போது மகராசன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. மூடத்தான் ஆசை.

இடைவெளி விழுந்தது. சின்னதாக. அதிகாரி ஸ்கேலை வைத்தார். குனிந்து பார்த்தார். எங்கள் எல்லாரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். இசக்கி பென்சிலைக் கீழே வைக்காமலே நின்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். பொதுவாக நான் அந்த மாதிரி ஆள் இல்லை, இதுவரை படித்த உங்களுக்கே தெரியும்.

ஹாலுக்கு வெளியே வந்தால் சுப்பம்மாள் வராந்தாவின் கோடியில், ஹாலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நிற்கிறார். உள்ளே காம்பஸ் இல்லை, வெறும் பேப்பரும் பென்சிலும்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இசக்கி ஓடிப்போனாள். அவர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொத்தை எடுத்து, அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதார்கள்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. இசக்கி பாஸ். நானும் பாஸ், யாரும் கேட்காததால் நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று அந்தத் தனியார் சர்வேயர் வரைந்து கொடுத்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கள் மனையில் அன்று புரியாத கோடு, பக்கத்து வீட்டுக்காரரின் சுவர். அதைச் சொல்ல அந்த சர்வேயருக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

இந்தத் திங்கட்கிழமை இசக்கி வண்ணார்பேட்டை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் சுப்பம்மாளும் கூடப் போயிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்தால் தினமும் வயல்தான், ஆற்றங்கரைதான். தான் தினமும் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று முதலாளியிடமே கேட்டுவிடலாம் என்று போனாராம்.

முதலாளிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், அந்த அம்மாவை உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து தங்களுடைய டோட்டல் ஸ்டேஷனைக் காட்டியிருக்கிறார். இதுதான் இப்போது எல்லாரும் வைத்திருக்கிற கருவி, இதில் ஊசியே கிடையாது, ஒளியை விட்டு அளக்கிறது என்றிருக்கிறார். மருமகள் கழுத்தில் இரும்புக் கடையையே மாட்டிவிட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் நிம்மதியாக வீட்டில் இருங்கள் என்றிருக்கிறார்.

இசக்கி நேற்று போனில் இதைச் சொல்லிவிட்டு, மேலே சொல்ல முடியாமல் சிரித்தாள். அத்தை அந்தக் கருவியை மேலும் கீழும் பார்த்தாராம். தன் கழுத்திலிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி அதன் மூக்கு முன்னால் நீட்டிப் பார்த்தாராம். அது அசையவில்லை. மருமகளை வாசலுக்கு இழுத்துக்கொண்டுபோய், ரகசியமாகச் சொன்னாராம்:

"ஏட்டி, இரும்புக்கே பயப்படாத சாமானா இருக்கு. அதுகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்து நில்லு."